சோஃபிக்குச் சொல்லப்படாத பாடம்

நார்வே நாட்டின் உயர்நிலைப் பள்ளியில் தத்துவம் போதித்த யொஸ்டைன் கார்டெர் 1991இல் எழுதிய நாவல், ஆர். சிவகுமாரின் மொழிபெயர்ப்பில் 'சோஃபியின் உலகம்' எனக் காலச்சுவடு வெளியீடாகத் தமிழில் கிடைக்கிறது. பதினைந்து வயதை எட்டவிருக்கும் சிறுமிக்கு மேலைச் சிந்தனையின் வரலாற்றைக் கடிதங்கள் வழியே கற்பிக்கும் நூல் இது.

இலக்கணங்களை ஒப்புவிக்காமல் வினாக்களிலிருந்து தொடங்குவதே இதன் சிறப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பை முடித்து, கிருஷ்ணன்கோவில் பொறியியல் வகுப்பில் சேரும் மாணவர் தத்துவம் என்ற பாடத்தையே சந்தித்திராமல் போகலாம். அத்தகையோர் கையில் இந்நூல் சேர வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம்.

எனினும் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். சாக்ரடீஸ், டெக்கார்ட், கான்ட் எனத் தனித்தனி அத்தியாயங்கள் விரிகின்றன. முஸ்லிம் சிந்தனையாளர் ஒருவருக்கேனும் அத்தகைய அத்தியாயம் இல்லை. கிரேக்க அறிவைக் காத்துக் கைமாற்றியவர்களாக மட்டுமே அரபிகள் தோன்றுகின்றனர்.

அவர்கள் வெறும் காவலர்கள் அல்லர். புலன்களை நம்பலாமா என்ற ஐயத்தை டெக்கார்டுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுப்பினார்கள். கண்ணுக்குத் தீனார் அளவாகத் தெரியும் விண்மீன், கணிதத்தின்படி பூமியினும் பெரிது என்பது அவர்கள் காட்டிய சான்று. தத்துவவாதிகளை இருபது பிரச்சினைகளில் அவர்கள் மறுத்தார்கள். இப்னு ருஷ்து அம்மறுப்புக்கு வரிக்கு வரி விடையளித்தார். கருத்து மாறுபாட்டைக் கண்ணியமாக நடத்தக் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் ஏது?

கதைவழித் தத்துவம் என்ற உத்தியும் நமக்குப் புதிதன்று. தனித்தீவில் வளரும் சிறுவன் தன் அறிவாலேயே இறைவனை உணர்வதை இப்னு துஃபைல் 12ஆம் நூற்றாண்டில் 'ஹய் இப்னு யக்ளான்' நூலில் கதையாக்கினார். அது 1671இல் லத்தீனில் அச்சேறி ஐரோப்பாவில் பரவியது. தமிழிலும், 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிரம் மசலா' வினாவிடையாகவே அமைந்தது.

இப்பெயர்களைப் பெருமைக்காக மட்டும் நாம் பட்டியலிட்டால், அதுவும் சிந்தனைக்குச் செய்யும் தீங்கே. கேட்பது ஈமானுக்குப் பகை என்றும், சிந்தனை அந்நியர் சொத்து என்றும் நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. ஆகவே கார்டெரின் நூலைக் கொடுப்போம். அதனுடன் கஸ்ஸாலியின் வாதத்தையும் இப்னு ருஷ்தின் மறுப்பையும் எளிய தமிழில் எழுதிக் கொடுப்போம். அந்த இரண்டாம் நூலை எழுதும் பொறுப்பு நம்முடையது.