கூப்பர் அப்பாவின் ‘வேண்டாம்’

1946. லண்டனுக்குத் தென்மேற்கே சர்பிட்டனில் கராஜ் நடத்திவந்த சார்லஸ் கூப்பரும் 23 வயது மகன் ஜானும் ஒரு பந்தயக் கார் கட்டினார்கள். ஃபியட் டோபோலினோ என்ற குட்டிக் காரின் முன்பாகங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்குமாக வைத்துப் பற்றவைத்தார்கள். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் அப்படியே கிடைத்துவிட்டது. எஞ்சின், ஸ்பீட்வே பைக்குகளில் ஓடிய 500 சிசி ஜாப். அதை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, சங்கிலி மாட்டிப் பின்சக்கரங்களை ஓட்டினார்கள். ஜானின் நண்பர் எரிக் பிராண்டனும் கூட நின்று வேலை செய்தார்.

1959இலும் 1960இலும் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் பட்டம், தயாரிப்பாளர் பட்டம் இரண்டும் கூப்பர் கார்களுக்கே போயின. 1961இல் ஃபெராரியே எஞ்சினைப் பின்னுக்கு நகர்த்திவிட்டது. பந்தயக் காரின் உடலமைப்பையே மாற்றியது யார் என்று கேட்டால் சர்பிட்டனைக் காட்டாமல் பதில் சொல்ல முடியாது. ஆனால் அங்கே நடந்தது என்ன என்பதற்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. அதிர்ஷ்டம் என்கிறது ஒன்று. கண்டிப்பான அப்பாவும் துடிப்பான மகனும் பாசத்தால் சாதித்தார்கள் என்கிறது இன்னொன்று. இரண்டுமே அரைகுறை.

அதிர்ஷ்டக் கதையை முதலில் பார்ப்போம். 1946 மட்டும் என்றால் அது சரிதான். பைக் எஞ்சின் சங்கிலியால் ஓட்டுவது, சங்கிலி நீளமாகப் போனால் தொல்லை, ஆகவே எஞ்சின் பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்தது. இதில் கோட்பாடு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் 1952இல் அவர்கள் செய்த காரியத்துக்கு விளக்கமே கிடையாது. அந்த ஆண்டு ஃபார்முலா டூவுக்காக இரண்டு லிட்டர் பிரிஸ்டல் எஞ்சின் கைக்கு வந்ததும், ஊரார் எல்லாரையும் போல அதை முன்னால்தான் வைத்தார்கள். மைக் ஹாதார்ன் அதை ஓட்டிப் பெயர் வாங்கி, அடுத்த ஆண்டே ஃபெராரிக்குப் போனார். கார் நல்ல காரே. ஆனால் பின்-எஞ்சினின் அருமை உணர்ந்தவர்கள் கட்டிய கார் அல்ல.

அதிர்ஷ்டக் கதை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது. 1955இல் தீயணைப்பு பம்பு எஞ்சினிலிருந்து பிறந்த 1,100 சிசி கோவென்ட்ரி கிளைமாக்ஸை வைத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்தபோது மறுபடி பின்னால் வைத்தார்கள். இம்முறை சங்கிலிக் கட்டாயம் இல்லை. முன்னால் வைக்கவும் தெரியும், மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் வைத்தும் பார்த்தார்கள். இரண்டு வழியும் அறிந்தவர் ஒன்றைத் தேர்ந்தால் அதற்குப் பெயர் முடிவு. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஜாக் பிராபம், அதே பாணியில் பிரிஸ்டல் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒரு கார் கட்டி, எய்ன்ட்ரியில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் ஓட்டினார். வரலாறு எழுதுபவர்கள் 1946ஐக் கொண்டாடுகிறார்கள். நான் கொடி ஏற்றுவது 1955க்கு.

1930களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பின்-எஞ்சின் வைத்து ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடியது. ஆனால் அது 16 சிலிண்டர் பூதம், ஓட்டுநருக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெட்ரோல் டாங்க் வேறு. ரோஸ்மையர் போன்ற ஒரு சிலருக்கே அது வசப்பட்டது. போருக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் அந்த வழியைத் தொடரவில்லை. பின்னால் வைப்பதன் லாபம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் கார் சிறியதாகவும் லேசாகவும் இருக்க வேண்டும். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஓட்டுநருக்கு அடியில் ஓடாததால் இருக்கை தாழும், காற்றை மறிக்கும் முகப்பு சுருங்கும். கனமெல்லாம் நடுவில் குவிவதால் திருப்பத்தில் கார் சட்டென்று திரும்பும், டயரும் குறைவாகத் தேயும்.

1958 ஜனவரியில் அர்ஜென்டினாவில் ஸ்டிர்லிங் மாஸ் இதை நிரூபித்தார். அவர் ஓட்டிய கூப்பர், ராப் வாக்கரின் தனியார் அணியுடையது, எஞ்சின் இரண்டு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. எதிரே 2.4 லிட்டர் ஃபெராரிகள். டயர் மாற்ற மாஸ் நின்றே தீருவார் என்று ஃபெராரிக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர் நிற்கவே இல்லை. ஃபெராரி ஓட்டுநர் முஸ்ஸோவை மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில் பின்தள்ளி வென்றார். உலகப் போட்டியில் பின்-எஞ்சின் காரின் முதல் வெற்றி அது.

சரி, இதில் அப்பாவுக்கு என்ன பங்கு? சார்லஸ் வெறும் முதலாளி அல்ல. கேய் டான் என்ற பந்தய வீரருக்கு மெக்கானிக்காக இருந்தவர், மகனுக்குச் சிறுவயதிலேயே கார் செய்து கொடுத்தவர். பணத்தில் மட்டும் இறுக்கம். அந்த இறுக்கத்தைக் குணக்குறையாகவே பலர் எழுதுகிறார்கள். 1959 வரை அந்த இறுக்கம்தான் அவர்களுடைய மிகச் சிறந்த டிசைனர் என்பது என் கட்சி. கியர்பாக்ஸ் புதிதாகச் செய்யக் காசில்லை, ஆகவே முன்சக்கரங்களை ஓட்டிய சித்ரோயனின் பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்னால் பொருத்தினார்கள். வரைபடம் போட்ட ஓவன் மேடக் சட்டத்தின் குழாய்களை வளைத்தார். குழாய் நேராக இருக்க வேண்டும் என்பது பொறியியல் பாடம், லோட்டஸின் கோலின் சாப்மன் அதைப் பிசகாமல் பின்பற்றியவர். ஏட்டுக் கணக்கில் சாப்மன் பக்கம்தான் நியாயம். ஆனால் கூப்பர்கள் பிழைத்ததே காரை விற்று. 500 சிசி கார்களை மட்டுமே நூற்றுக்கணக்கில் விற்றார்கள், மாஸ் தம் 18 வயதில் வாங்கியதும் அவற்றில் ஒன்று. விற்கிற கார் தாங்க வேண்டும், வாங்கியவர் தம் கராஜிலேயே சரிசெய்துகொள்ளவும் வேண்டும். சார்லஸின் ‘வேண்டாம்’ காரைச் சிறியதாகவும் எளியதாகவும் வைத்திருந்தது. பின்-எஞ்சினுக்கு அதுவே தேவைப்பட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அப்பாவுக்கு வக்காலத்து வாங்கியதாகும். 1960இன் தொடக்கத்தில் லோட்டஸும் எஞ்சினைப் பின்னால் வைத்துக் கூப்பரைவிட வேகமான கார் ஒன்றை இறக்கியது. ஜான், பிராபம், புரூஸ் மக்லாரன், மேடக் நால்வரும் சேர்ந்து அவசரமாகத் தாழ்ந்த கார் ஒன்றைத் திட்டமிட்டார்கள். பின்னால் குறுக்கே கிடந்த பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங், சித்ரோயன் பெட்டிக்குப் பதிலாகச் சொந்த கியர்பாக்ஸ். ஓடுகிற காரை எதற்கு மாற்ற வேண்டும், வீண் செலவு என்பது சார்லஸின் நிலை. கார் எப்படியோ உருவாயிற்று. அதை ஓட்டிய பிராபம் அந்த ஆண்டு டச்சு, பெல்ஜியம், பிரெஞ்சு, பிரிட்டிஷ், போர்ச்சுகல் என்று வரிசையாக ஐந்து கிராண்ட் பிரீ வென்றார். ‘வேண்டாம்’ தோற்ற முதல் இடம் இதுவே. போட்டியாளர்களும் எஞ்சினைப் பின்னால் வைத்த பிறகு, அது மட்டுமே போதும் என்று இருக்க முடியாது. நுணுக்கம் வேண்டும், நுணுக்கத்துக்குப் பணம் வேண்டும்.

பிராபம் 1961 முடிவில் சொந்தக் கார் கட்டப் போய்விட்டார். 1963இல் மக்லாரன் நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பந்தயங்களுக்கென இரண்டரை லிட்டர் எஞ்சினோடு தனிக் கார்கள் கேட்டார். ஒன்றரை லிட்டர் கார் போதும் என்றார் சார்லஸ். கேட்டவர் தம் பெயரில் அணி தொடங்கி, அந்தக் கார்களைத் தாமே கட்டிக்கொண்டார். பின்னாளில் உலகப் பட்டங்கள் வென்ற இரண்டு அணிகளுக்கு ஒரே கராஜ் நாற்றங்காலாக இருந்துவிட்டு, தன் வயலைக் காயவிட்டது.

பழியில் ஜானுக்கும் பங்கு உண்டு. மினி கூப்பரைப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனிடம் பேசிப் பேசிச் சாதித்த மனிதர், வீட்டுக்குள் அந்தப் பேச்சுத்திறனைக் காட்டவில்லை. 1963இல் இரட்டை எஞ்சின் மினி ஒன்றைச் சோதித்தபோது நடந்த விபத்தில் பலத்த காயம். 1964இல் அப்பா இறந்தார். அடுத்த ஆண்டு பந்தய அணியை விற்றார் ஜான். தடுக்கிற கை போன பிறகு மகன் என்ன செய்திருப்பார் என்று சோதித்துப் பார்க்கக் காலம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே கணக்கை இப்படித்தான் பிரிப்பேன். 1946இன் கார் இருவருடையது, பங்கு பிரிக்கவே முடியாது. 1955இல் எடுத்த முடிவில் ஜானும் பிராபமும் முன்னே, சார்லஸின் சிக்கனம் அதற்குப் பாதுகாப்பு. 1959 பட்டத்தில் அப்பாவுக்குப் பாதி கொடுப்பேன், பலர் கொடுப்பதைவிட இது அதிகம். 1960 பட்டத்தில் அவருக்குப் பங்கே இல்லை, அது அவரை மீறி வென்றது. 1962இல் மொனாக்கோவில் மக்லாரன் வென்றதைத் தவிர, அதற்குப் பின் சார்லஸ் உயிரோடு இருந்தவரை உலகப் போட்டியில் கூப்பர் கார் எதுவும் முதலாவதாக வரவில்லை.