கோஸ்ட்யா ட்சூவின் ஆட்டத்தை எப்படி ரசிப்பது?

குத்துச்சண்டையைப் புதிதாகப் பார்ப்பவரின் கண் இயல்பாகவே கையுறையின் பின்னால் ஓடும். கோஸ்ட்யா ட்சூவின் ஆட்டத்தை அப்படிப் பார்ப்பவருக்கு விழுந்த குத்து மட்டுமே தெரியும். அது விழுவதற்கான இடத்தை அவருடைய கால்கள் ஒரு நிமிடத்துக்கு முன்பிருந்தே தயாரித்து வந்தது தெரியாது. கால்களின் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை வரலாற்றைச் சற்றே தெரிந்திருப்பது உதவும்.

1969-இல் யூரல் மலைப்பகுதியின் தொழில் நகரமான செரோவில், கொரிய வம்சாவளித் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் பிறந்த ட்சூ, சிறுவயதிலேயே சோவியத் விளையாட்டுப் பயிற்சி முறைக்குள் நுழைந்து, அமெச்சூர் எனப்படும் தொழில்முறை சாராத குத்துச்சண்டையில் 250-க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்தார். அமெச்சூர் போட்டியில் சுற்றுகள் குறைவு. எதிராளியை வீழ்த்துவதைவிடத் தெளிவாகத் தொட்டுவிட்டு அடிபடாமல் விலகுவதற்கே அங்கு மதிப்பு அதிகம். ஆகவே அந்த முறையில் வளர்ந்தவர்கள் முதலில் கற்பது இடைவெளியைத்தான்: எதிராளியின் கை எட்டாத, ஆனால் ஓர் எட்டு முன்வைத்தால் தன் கை எட்டிவிடுகிற தூரத்தில் நிற்கும் கலை அது. 1991 நவம்பரில் சிட்னியில் நடந்த உலக அமெச்சூர் போட்டியின் இறுதியில் அமெரிக்காவின் வெர்னான் ஃபாரஸ்டை வென்று அவர் தங்கம் பெற்றார். அடுத்த மாதமே சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1992-இன் தொடக்கத்தில் அதே சிட்னிக்குக் குடிபெயர்ந்து, பயிற்சியாளர் ஜானி லூயிஸின் கீழ் தொழில்முறை வீரரானார். பெரிய பணமும் பெரிய போட்டிகளும் அமெரிக்காவில் இருந்தும் அவர் வீடு அமைத்துக்கொண்டது ஆஸ்திரேலியாவில்தான். ஆஸ்திரேலியர்களும் பின்னந்தலையில் மெல்லிய சடையோடு வந்த இந்த மனிதரை வெகு சீக்கிரமே தம்மவராக்கிக்கொண்டனர்.

தொழில்முறையில் பட்டப் போட்டி மும்மூன்று நிமிடங்கள் கொண்ட 12 சுற்றுகளாக நடப்பதால், தொட்டுவிட்டு விலகுவது மட்டும் போதாது; எதிராளியின் உறுதியை மெல்ல மெல்லக் கரைக்கவும் வேண்டும். ட்சூவிடம் ரசிக்க வேண்டிய முதல் விஷயம் இந்த இரண்டு தேவைகளும் ஒரே உடலில் சேர்ந்த விதம். இடக்கையைச் சற்று நீட்டி எதிராளியின் முன்கையைத் தட்டியும் தடவியும் தூரத்தை அளந்துகொண்டே, அவசரமின்றி முன்னேறி, பின்காலை ஊன்றி வலக்கையை நேர்க்கோட்டில் செலுத்துவது அவருடைய வழக்கம். 1995 ஜனவரியில், தொழில்முறைக்கு வந்த மூன்றாண்டுகளுக்குள், லாஸ் வேகாஸில் ஜேக் ராட்ரிகஸை ஆறாவது சுற்றில் வீழ்த்தி 63.5 கிலோ எடைப்பிரிவின் உலகப் பட்டங்களில் ஒன்றை வென்றது இந்த ஆயுதத்தால்தான்.

அதன் முழு அழகையும் காண 2001 நவம்பர் 3 அன்று லாஸ் வேகாஸில் சாப் ஜூடாவுடன் நடந்த மோதலைப் பார்க்க வேண்டும். எடைப்பிரிவின் முக்கியமான மூன்று பட்டங்களையும் ஒன்றிணைத்த போட்டி அது. ஜூடா இடக்கை ஆட்டக்காரர். அதாவது வலது காலையும் வலது கையையும் முன்வைத்து நிற்பவர். இத்தகையவருக்கு எதிரே வலக்கை வீரர் நிற்கும்போது இருவரின் முன்கால்களும் ஒன்றோடொன்று இடிபடும் அளவுக்கு நெருங்குகின்றன. தன் முன்காலை எதிராளியின் காலுக்கு வெளிப்புறம் வைத்துவிடுபவருக்குப் பின்கையின் பாதை திறந்துவிடும். முதல் சுற்றில் மின்னல் வேகம் முழுவதும் ஜூடாவுடையது. அவருடைய இடக்கைக் குத்தில் ட்சூ தடுமாறவும் செய்தார். அவசரக்காரர் இங்கேயே முடிவு எழுதிவிடுவார். இரண்டாம் சுற்றிலோ ட்சூ அடி வாங்கினாலும் பின்வாங்காமல் கயிறுகளை நோக்கி நெருக்கிக்கொண்டே போக, ஜூடா கைகளைத் தாழ்த்தி, முகவாயை உயர்த்தியபடி நேர்ப்பின்னே நகரத் தொடங்குகிறார். பக்கவாட்டில் விலகாமல் நேராகப் பின்செல்வதுதான் குத்துச்சண்டையில் பெரும் பிழை. சுற்று முடியச் சில நொடிகளே இருக்கும்போது அந்த வலக்கை தாடையில் இறங்குகிறது. ஜூடா சட்டென எழுந்தாலும் கால்கள் சொன்னபடி கேட்காமல் மறுபடி சரிந்துவிட, நடுவர் ஜே நேடி ஆட்டத்தை நிறுத்துகிறார். கொதித்துப்போன ஜூடா நடுவரைத் தாக்க முயன்று அபராதமும் ஆறு மாதத் தடையும் பெற்றது தனிக்கதை. பலருக்கு அந்தக் கூச்சல்தான் நினைவில் நிற்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

வெற்றிகளை மட்டும் பார்ப்பவர் ட்சூவைப் பாதிதான் அறிவார். 1997-இல் வின்ஸ் ஃபிலிப்ஸிடம் பத்தாவது சுற்றில் தோற்றபோதும், 2005 ஜூனில் மான்செஸ்டரில் ரிக்கி ஹாட்டனிடம் தோற்றபோதும் அவருடைய கலையின் எல்லை வெளிப்பட்டது. ஹாட்டன் செய்தது எளியது, ஆனால் கடினமானது: மார்போடு மார்பாக ஒட்டி நின்று, கட்டிப்பிடித்து, விலாவில் குத்தி, வலக்கை பாய்வதற்குத் தேவையான அந்த ஓர் எட்டு இடத்தையே இல்லாமல் செய்துவிட்டார். பதினோராம் சுற்று முடிந்து முக்காலியில் அமர்ந்த 35 வயது ட்சூவை ஜானி லூயிஸ் எழ விடவில்லை. பன்னிரண்டாவது சுற்றுக்கு அனுப்பியிருந்தால் அது வீரமாகப் பேசப்பட்டிருக்கலாம். அனுப்பாதது சரியான முடிவு. அதன்பின் ட்சூ மேடையேறவில்லை.

எனவே இரண்டு போட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே சிறந்த வழி. ஜூடாவுடனான போட்டியை முதலில் வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டு, இருவரின் இடுப்புக்குக் கீழே மட்டும் கண்ணை வைத்து ஒருமுறை பாருங்கள்; ஹாட்டனுடனான போட்டியில் இரு உடல்களுக்கும் நடுவே எத்தனை நொடிகள் வெளிச்சம் தெரிகிறது என்று கவனியுங்கள். கைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.