குரோமியம் இல்லாத நச்சியல் பாடம்

பி.ஃபார்ம் படிப்பில் ஆறாவது செமஸ்டரில் மருந்தியல் மூன்றாம் தாள் வருகிறது. அதன் கடைசி அலகில்தான் நச்சியலுக்கு இடம். பார்மசி கவுன்சில் வகுத்த பாடத்திட்டம் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடும் நஞ்சுகள் சிலவே: பார்பிச்சுரேட், மார்ஃபின், ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து, ஈயம், பாதரசம், ஆர்சனிக். குரோமியம் அதில் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடும் இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இந்தப் பட்டியலைத்தான் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் தினமும் தொட்டுப் புழங்கும் பொருள்கள் பாடத்துக்குள் வராமலே பட்டம் கைக்கு வந்துவிடுகிறது.

நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் எனும்போது ஒவ்வொரு வட்டாரத்தின் நஞ்சையும் அதில் எதிர்பார்க்க முடியாதுதான். ஈயத்தையும் ஆர்சனிக்கையும் ஒழுங்காகப் படித்த மாணவர் குரோமியத்தைத் தானே படித்துக்கொள்ளலாம். என் குறை பாடத்திட்டத்தோடு நிற்கவில்லை. படிப்பு, ஆராய்ச்சி, வேலை என்று எந்தக் கட்டத்திலும் இந்த வட்டாரத்துத் தொழிலாளியின் உடம்பு கணக்கில் வருவதில்லை. அதற்குப் போகும் முன், இந்தத் துறை வேலூரில் சாதித்ததைச் சொல்லியாக வேண்டும்.

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. பூச்சிமருந்து குடித்தவர்களைச் சுற்றுக் கிராமங்களிலிருந்து அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கண்மணி சுருங்கிப் புள்ளியாகியிருக்கும். வாயில் எச்சில் வழியும். நெஞ்சில் நீர் கோத்து மூச்சு இரைக்கும். நெஞ்சு தெளியும்வரை அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போவார்கள். கூடவே பிராலிடாக்சிம் என்ற மாற்றுமருந்தும் தர வேண்டும் என்றுதான் பாடநூல்கள் சொல்லின. 1996, 1997ஆம் ஆண்டுகளில் சி.எம்.சி. மருத்துவர்கள் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் அந்த வழக்கத்தையே கேள்வி கேட்டன. அந்த மருந்தால் பலன் தெரியவில்லை, கெடுதல்கூட நேரலாம் என்று அவை காட்டின. 2006இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியிலிருந்து வந்த ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொன்னது. 2009இல் வெளிவந்த இலங்கை ஆய்வு வேலூரின் பக்கம் சாய்ந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் உலகமே பதில் தேட வேண்டிய ஒரு கேள்வி வேலூர் வார்டு ஒன்றிலிருந்து எழுந்தது. மருந்தியல் படிப்பின் மிகச் சிறந்த பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒடுவந்தழை இன்னொரு சான்று. இந்தப் பக்கத்துக் காடுகளில் வளரும் மரம். அதன் தழையை அரைத்துக் குடித்து உயிரை மாய்த்துக்கொள்வது இங்கே பழைய துயரம். குடித்தவர் முதல் நாள் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கலாம். அதற்குள் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், ரத்தத்தில் அமிலம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். வெளிநாட்டுப் பாடநூல்களில் எளிதில் கிடைக்காத இந்த நஞ்சின் போக்கை எழுதிவைத்தவர்களில் வேலூர் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். ஆகவே வட்டார நஞ்சை ஆராயும் திறமை இங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நச்சியல் படித்தவருக்குப் பிரித்துப் பார்க்கும் கண்ணும் வருகிறது. ஊர்ப் பேச்சில் ‘குரோம்’ என்றால் எல்லாம் ஒரே விஷம். உண்மையில் தோல் பதனிட டிரம்மில் போடும் குரோமியம் சல்பேட் மூன்றிணைதிற வடிவம். அது உடலின் செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆறிணைதிற வடிவம் நுழைந்துவிடும். புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 1990இலேயே வைத்துவிட்டது. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவின் ஆபத்து இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது இந்தக் கழிவால்தான். இந்த வேறுபாடு தெரியாமல் எல்லா டேனரியையும் ஒரே குரலில் சபிப்பதும், தெரிந்துகொண்டு ‘எங்களுடையது மூன்றிணைதிறம், ஒன்றும் ஆகாது’ என்று கைகழுவுவதும் தவறு. சூடும் ஈரப்பதமும் வெளிச்சமும் ஒத்துவராத இடத்தில் பதனிட்ட தோலிலேயே முதல் வகையில் கொஞ்சம் இரண்டாம் வகையாக மாறக்கூடும்.

அந்த மாற்றத்தைத் தோலில் அளக்க இங்கே ஆட்களும் கருவிகளும் உண்டு. ஏன் என்பதில்தான் இந்தத் துறையின் பெரிய குறை தெரிகிறது. 1989இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனாலைத் தடைசெய்தபோது ஆம்பூர், வாணியம்பாடிச் சரக்கு ஆட்டம் கண்டது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பூசிய மருந்து அது. 1994இல் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. 2015 மே முதல், தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. ஒவ்வொரு முறையும் அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் ஏற்றுமதியாளர்களும் பரிசோதனைக்கூடங்களும் ஓடி ஓடி வேலை செய்து தொழிலை மீட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அந்த அளவீடு எல்லாம் ஷூ போடப்போகிறவரின் பாதத்துக்காக நடந்தது. அதே 2015இன் ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தோலைச் சோதித்த கண் தொழிலாளியின் கையைப் பார்த்ததா? டைகுரோமேட் படும் கைகளில் வரும் குரோமியப் புண்ணை ஒருமுறை பார்த்தால் மறக்காது. விரல் மூட்டிலோ நகத்தோரத்திலோ பஞ்சிங் மெஷினில் அடித்ததுபோல் சின்ன வட்டக் குழி. ஓரம் தடித்து மேடாக இருக்கும். நடுவில் கருத்த பொருக்கு. பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால் யாரும் காட்டுவதில்லை. 1948இன் தொழிற்சாலைகள் சட்டம் இந்தப் புண்ணையும் ஆந்த்ராக்ஸையும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அப்போதே வைத்து, பார்த்த டாக்டர் தொழிற்சாலைகள் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆனால் தெருமுனை கிளினிக்கில் ஒரு களிம்போடு முடிந்துவிடும் புண்ணை யார் அறிவிப்பது? எம்.பி.பி.எஸ். மருந்தியலில் மாற்றுமருந்துகளின் பெயர்களைப் படித்தவருக்கு, ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று நோயாளியைக் கேட்கும் பழக்கத்தை யாரும் ஊட்டவில்லை.

ஷூ கம்பெனிகளில் நிலைமை இன்னும் மறைவானது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பசையும் கரைப்பானும் புழங்கும் இடம். 1974இல் இஸ்தான்புல் மருத்துவர் முசாஃபர் அக்சாய், பென்சீன் கலந்த பசையை மோந்து வேலை செய்த ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ இருந்ததை வெளியிட்டார். அவர் ரத்தநோய் மருத்துவர். வார்டுக்கு வந்த நோயாளிகள் எல்லாம் ஏன் ஒரே தொழிலிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டார், பட்டறைகளுக்கே போய்ப் பார்த்தார். ஆம்பூரின் பசைகளில் இன்று பென்சீன் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அக்சாய் கேட்ட கேள்வியைக் கேட்பது இங்கே யாருடைய உத்தியோகம் என்பதுதான் என் கேள்வி.

யாருடைய உத்தியோகமும் இல்லை. எம்.ஃபார்ம் மருந்தியல் முடித்தவர் முன் இருக்கும் வழிகளைப் பாருங்கள். பெங்களூருவிலோ ஹைதராபாதிலோ மருந்துச் சோதனை நிறுவனம். அங்கே எலிக்கு 28 நாள், 90 நாள் மருந்து கொடுத்து ஈரலையும் சிறுநீரகத்தையும் அறுத்துப் பார்ப்பார்கள். 2011 முதல் இந்தியாவின் இத்தகைய சோதனை முடிவுகளை ஓ.இ.சி.டி. நாடுகள் ஏற்றுக்கொள்வதால் அங்கே ஒழுங்கும் உண்டு, எதிர்காலமும் உண்டு. சென்னையில் பார்மகோவிஜிலன்ஸ்: வெளிநாட்டு நோயாளிகளின் பக்கவிளைவு அறிக்கைகளைக் கணினியில் பதிவது. தடய அறிவியல் துறையில் உள்ளுறுப்புச் சோதனை. 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் கூடத்தின் வாரிசு அது, நாட்டிலேயே மூத்தது. மருந்து ஆய்வாளர் பதவி, கல்லூரி ஆசிரியர் பணி, விடாமல் படித்தால் லக்னோவின் நச்சியல் ஆராய்ச்சி நிலையம். எல்லாமே மரியாதையான வேலைகள். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் சம்பளம் தருபவையும் உண்டு. பிள்ளைகளை அங்கே போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்வேன். நம் கல்லூரிகளில் எம்.ஃபார்ம் ஆய்வேட்டு அலமாரியைத் திறந்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும்: ஏதோ ஓர் இலையின் சாறு, ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்ட எலி, சர்க்கரை குறைந்தது, மேலும் ஆய்வு தேவை. அந்த மேலும் ஆய்வு நடப்பதே இல்லை. எலிகளும் வீண், மாணவரின் வருடமும் வீண். அந்த உழைப்பில் பாதியைத் தொழிலாளர்களின் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் திருப்பலாம். சிறுநீரில் குரோமியம் இருந்தால் அது எந்த வகை என்று தெரியாது. சிவப்பணுவுக்குள் இருந்தால் ஆறிணைதிற வகைதான் உள்ளே போயிருக்கிறது என்று கொள்ளலாம், ஏனென்றால் சவ்வைத் தாண்டுவது அதுதான். ஒரு முதுகலை மாணவர் நெறிக்குழு அனுமதியோடு செய்யக்கூடிய ஆய்வு இது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை ‘மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்’ என்பதற்காக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முன்னெச்சரிக்கைக் கொள்கையை விளக்கிய இடத்தில் நீதிபதி குல்தீப் சிங் இன்னொன்றும் சொன்னார்: தன் செயலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஓரளவோ கெட்ட கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆக, கேடில்லை என்ற நிரூபணத்தை மனித உடம்பிலிருந்து எடுத்துத் தரும் ஒருவரின் வேலை 1996லிருந்தே சட்டத்தில் இருக்கிறது, சந்தையில்தான் இல்லை. டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இயங்குவதற்கான இசைவாணையைப் புதுப்பிக்கும்போது கழிவுநீர் அறிக்கை கேட்கிறார்கள். தொழிலாளர்களின் சிவப்பணுக் குரோமியம், தோல் ஒவ்வாமைச் சோதனை, ரத்த எண்ணிக்கை ஆகியவற்றை நச்சியல் படித்த ஒருவர் ஆராய்ந்து கையெழுத்திட்ட அறிக்கையும் கூடவே வேண்டும் என்று அரசு ஆணையிட்டால், ஆம்பூர்ப் பிள்ளைக்கு ஆம்பூரிலேயே அந்த வேலை கிடைக்கும்.