விடியும்வரை நிற்கிற ஆட்டம்

ஆட்டக்காரர் என்ற சொல் நம்மிடம் மைதானத்துக்கும் உண்டு, கூத்துக் களரிக்கும் உண்டு. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: கடைசிவரை நிற்கிறாரா?

பங்குனி, சித்திரை வந்தால் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் பாரதக் கூத்துப் பருவம். ஆடி வரை ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்களுக்கு ஓய்வு குறைவு. தாமலில் இருக்கும் எனக்கு இதைவிடப் பெரிய போட்டித் தொடர் வேறில்லை.

கர்ண மோட்சத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்க வாத்திய இசையான மேளக்கட்டில் தொடங்கி விடிகிற வரை ஏறக்குறைய எட்டு மணி நேரம். கர்ண வேஷம் கட்டியவர் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என மரக்கட்டை அணிகளைச் சுமந்தபடி உச்ச சுருதியில் பாட வேண்டும், கிறிக்கி அடித்துச் சுழல வேண்டும். போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியோடு நடக்கும் வாக்குவாதத்தில்தான் அனுபவம் தெரியும். அங்கேயே குரலைக் கொட்டிவிட்டால், கர்ணன் சாயும் நேரத்தில் தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது. தேர்ந்தவர் இரண்டு அடியைப் பின்பாட்டுக்காரரிடம் விட்டு, முகவீணை இழுக்கும் இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்வார். கூட்டம் கண்ணயரும்போது கோமாளியான கட்டியங்காரன் உள்ளே புகுந்து ஆட்டத்தின் வேகத்தை மாற்றுவார். இந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை, உடம்பில் இருக்கிறது.

நவீன நாடகம் இந்த உடம்பைத்தான் தேடி வந்தது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்கள் புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானிடம் பாடம் கற்றார்கள். புரிசைக் குழுவோ மார்க்வெஸின் கதையையும் பிரெக்டின் நாடகத்தையும் கூத்தாகவே ஆடிக்காட்டியது. 2016இல் பாரிஸில் அரியான் முனூஷ்கினின் தியேத்தர் து சொலேய் குழு அரங்கேற்றிய நாடகத்தில் பிரெஞ்சு நடிகர்கள் தமிழில் தெருக்கூத்து ஆடினார்கள். கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன்.

என் கணக்கில் இவற்றைவிடத் துணிச்சலான பரிசோதனை காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புஞ்சரசந்தாங்கலில் நடந்தது. கட்டைக்கூத்துச் சங்கத்தின் பெ. ராஜகோபாலும் ஹன்னே த ப்ருயினும் 2002இல் தொடங்கிய குருகுலம், பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தது. ஆண்களே வேஷம் கட்டிவந்த களரியில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டி இறங்கினார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது நமக்கு இழப்பு. ஆனால் பெண்ணுக்கு இந்தச் சுருதியும் இந்தச் சுமையும் ஆகாது என்ற பேச்சை அந்தப் பிள்ளைகள் ஆடியே முடித்துவைத்துவிட்டார்கள்.

இப்போது நகர மேடைகள் ஒன்றரை, இரண்டு மணி நேரக் கூத்தைக் கேட்கின்றன. தவறில்லை. ஆனால் டெஸ்டில் நின்று பழகியவர்தான் இருபது ஓவரிலும் நிதானம் இழக்காமல் அடிப்பார். முழு இரவு ஆட்டம் குறைந்தால் குறும்பதிப்பும் வலுவிழக்கும். கூத்தை நம்பியிருக்கும் நவீன நாடகமும் தளரும்.

ஆகவே நாடகம் பயிலும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக நடக்கும் விழாவுக்குப் போங்கள். கூத்தும் நவீன நாடகமும் அங்கே ஒரே மண்ணில் ஆடுகின்றன. அதற்கு முன், வரும் பருவத்தில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில் களரியில் பாய் விரித்து உட்காருங்கள். நடுவில் எழுந்து வராதீர்கள். கர்ணன் விழுவது விடியற்காலையில்தான்.