நோயாளியின் இறுதி வாக்கும் வைத்தியரின் பொறுப்பும்

மரணம் அணுகும் வேளையில் இயந்திரத்தாற் சுவாசம் ஊட்டற்க என ஒருவர் தெளிந்த அறிவோடு எழுதிவைத்தாராயின், அவ்வெழுத்தை மதியாத வைத்தியர் சட்டத்தின்முன் எதற்கு விடையளிக்க வேண்டும்? 2018 மார்ச் 9 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 'கொமன் கோஸ்' வழக்கில் வழங்கிய தீர்ப்பு இவ்வினாவின் வாயில்வரை வந்து நின்றுவிட்டது. கண்ணியத்தோடு இறத்தலை வாழ்வுரிமையின் கூறாக அது ஏற்றது. முன்கூட்டிய பணிப்புரைக்கும் இடமளித்தது. ஆயின் சாட்சிகள் இருவர், நீதவானின் ஒப்பம், வைத்தியர் குழுக்கள் என அது வகுத்த நடைமுறை, பணிப்புரைக்கு இணங்கும் வைத்தியரைக் காத்த அளவுக்கு நோயாளியைக் காக்கவில்லை. 2023 இல் நீதவானின் இடத்தில் நொத்தாரிசு போதும் எனத் தளர்த்தியபோதும், மதியாதவர்க்கு விளைவு யாது என்பது அவ்விதிகளிற் சொல்லப்படவில்லை.

கனடாவின் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 1990 இல் இதனினும் துணிவாகப் பேசிற்று. 1979 இல் விபத்துக்குள்ளாகி நினைவிழந்த பெண்ணொருவரின் பையில், குருதி ஏற்றற்க எனப் பிரெஞ்சு மொழியில் எழுதிய அட்டை இருந்தது. அதனை அறிந்தும் வைத்தியர் குருதி ஏற்றினார். அவர் உயிர் பிழைத்தார். வைத்தியரின் திறனிற் குறையில்லை எனக் கண்டும், உடலைத் தீண்டிய குற்றத்துக்காக 20,000 டொலர் நட்டஈட்டை நீதிமன்றம் உறுதிசெய்தது. நன்மை செய்தலும் அனுமதி பெறுதலும் வெவ்வேறு என்பதே அதன் கருத்து.

இலங்கையில் இப்பொருள்பற்றித் தனிச்சட்டம் இயற்றப்பட்டதில்லை. தீங்கியல் உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியது. ஈண்டே பெரிய இடர்ப்பாடு தோன்றுகின்றது. தன்மான ஊறுபற்றிய உரிமை, வழக்குப் போதிய அளவு முற்றுமுன் ஊறுபட்டவர் இறப்பின், அவரோடு ஒழியும், உரித்தாளர்க்குச் செல்லாது. இறுதி நாட்களில் அவமதிக்கப்பட்டவர் வழக்காட எழுந்து வருவதேது? ஒன்ராறியோப் பெண்ணுக்கு நீதி கிடைத்தமை அவர் பிழைத்தமையாலன்றோ!

கோப்பெருஞ்சோழனின் வடக்கிருத்தலை இங்கே சான்றாகக் காட்டுவார் உளர். அது பொருந்தாது. அவன் நலமுடையனாய் உயிரைத் துறந்தான். நோயாளியோ வரும் இறப்பைத் தடுக்கற்க என்கிறார்.

மடுவிலும் அயலிலும் முதியோர் தம் விருப்பைத் தாளில் எழுதுவது அரிது. மக்களிடம் வாய்மொழியாகவே சொல்வர். மகன் ஒன்றும் மகள் வேறொன்றும் கேட்டதாகச் சொல்லின், வைத்தியர் அஞ்சிச் சிகிச்சையைத் தொடர்வதிற் குறைகாண்பது நேர்மையன்று. எழுத்தும் ஒப்பமும் இருந்தும் அதனைப் புறந்தள்ளுவாராயின் நிலை வேறு. அத்தகைய விருப்பைச் சிகிச்சைக் குறிப்பேட்டில் நோயாளியின் தமிழிலேயே பதிதலும், உரித்தாளர் வழக்கைத் தொடரச் சட்டம் இடமளித்தலும் முதலில் ஆகவேண்டியவை.