பத்து மில்லி குப்பியும் ஐந்து நாள் வரம்பும்

கல்லூரி மாணவர்கள் தாங்களாகவே மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வது பற்றிய கருத்துக்கணிப்புகள் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகின்றன: கடந்த சில மாதங்களில் மருத்துவரைக் கேட்காமல் மருந்து எடுத்தீர்களா? மூக்கடைப்புச் சொட்டு மருந்துக்கு இந்தக் கேள்வி போதாது. தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டவரும், மாதக்கணக்கில் தலையணையடியில் குப்பி வைத்துத் தூங்குகிறவரும் அதில் ஒரே ‘ஆம்’ ஆகிவிடுகிறார்கள். எத்தனை நாள் என்று கேட்காத கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு மாணவர்களைக் குறைசொல்ல முடியாது.

நாள்கணக்கு ஏன் முக்கியம்? இந்தச் சொட்டு மருந்துகளிலுள்ள சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் இரண்டுமே மூக்கின் உட்சவ்விலுள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. சில நிமிடங்களில் மூச்சு தாராளமாக வரும். அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. நாள்பட விட்டுக்கொண்டே இருந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு மறுபடி வீங்குகிறது. சளி போயிருக்கும், அடைப்பு போயிருக்காது. நோய் தீரவில்லை என்று நினைத்து மாணவர் இன்னும் விடுகிறார். அடைப்பை உண்டாக்குவது இப்போது அந்த மருந்துதான். முதலில் தொல்லை தந்தது ஒவ்வாமையா, மூக்குத் தண்டு வளைவா என்று யாரும் பார்ப்பதே இல்லை.

சொட்டுக்குப் பதில் மாத்திரை போடலாம் என்பார்கள். அந்த வாதம் நிற்காது. சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள ஃபினைலெஃப்ரின், வாய்வழி எடுத்தால் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாக முடிவுசெய்தது. 2024 நவம்பரில் அந்த மருந்தைச் சளி மாத்திரைகளிலிருந்து நீக்க நிர்வாகமே முன்மொழிந்தது.

ஆக, வேலை செய்வது சொட்டு. அதுவும் சில நாள்களுக்கே. இந்திய அரசு 2022 மே மாதம் வெளியிட்ட வரைவு விதி, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத்தக்கவை என்று 16 மருந்துகளைப் பட்டியலிட்டது. சைலோமெட்டாசோலினும் அதில் உண்டு. ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நிபந்தனை சரியானதுதான். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வழக்கமாகக் கைக்கு வருவது 10 மில்லி குப்பி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் 200 சொட்டு. மூக்கின் இரு துளைகளிலும் மும்மூன்று சொட்டு, நாளுக்கு மூன்று வேளை என்றால் 18. குப்பி தீர 11 நாள் ஆகும். காசு கொடுத்து வாங்கியதை ஆறாம் நாள் எறிந்துவிட எந்த ஹாஸ்டல் மாணவருக்கு மனம் வரும்?

நான்கு நாள் ஜலதோஷத்துக்கு மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கச் சொல்ல மாட்டேன். காய்ச்சலோடு படிக்கும் பிள்ளையை வரிசையில் நிறுத்துவதில் நியாயமில்லை. சீட்டின்றி விற்கட்டும், ஆனால் 5 மில்லி குப்பியில் மட்டும்: ஐந்து நாளுக்கு 90 சொட்டு, நாலரை மில்லி போதும். வரம்பைக் குப்பியின் மேலேயே தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடவேண்டும். 10 மில்லி குப்பியை மருத்துவர் சீட்டோடு வருகிறவர்களுக்கு ஒதுக்கிவிடலாம்.