ஹட்டன் மழையில் நோக்கியா ஈ63

ஆனி, ஆடி மாதங்களில் ஹட்டனில் விரல் காய்வதே அபூர்வம். ஈர விரல் பட்டால் தொடுதிரை தடுமாறும். அழைப்பை எடுக்கப் போனால் வெட்டிவிடும். அந்த மழையில்தான் பழைய நோக்கியா ஈ63ஐப் பாவித்துப் பார்த்தேன்.

2008 நவம்பரில் அறிவிக்கப்பட்ட போன் இது. நோக்கியாவின் ஈ71 போனிலிருந்த உலோக உடம்பு, ஜி.பி.எஸ். இரண்டையும் விட்டு, பிளாஸ்டிக்கில் செய்து விலையைக் குறைத்தார்கள். ஈ71இல் உள்ளதுபோல முழு எழுத்துப் பலகை. ஒவ்வொரு பட்டனும் தனியாக மேடிட்டு நிற்கிறது. குளிரில் விரல் விறைத்திருந்தாலும், திரையைப் பார்க்காமலே எண்ணை அழுத்தலாம். அழுத்தும்போது உள்ளே இறங்குவது கைக்குத் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் இன்றைய போன் எதுவும் இதற்கு நிகரில்லை என்றே சொல்வேன். ஆனால் பட்டன்களின் இடுக்கில் தண்ணீர் இறங்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது பொலித்தீனில் சுற்றி வைப்பது நல்லது.

முகப்புத் திரையில் ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் பின்பக்கத்து எல்.ஈ.டி. டோர்ச்சாக எரிகிறது. விடியுமுன் லயத்துப் படிக்கட்டில் இறங்குகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். மெனுவுக்குள் தேட வேண்டியதில்லை.

பெட்டரி 1500 எம்.ஏ.எச்., கழற்றி மாற்றலாம். ஈ71, ஈ72 போன்களுக்கும் இதே பி.பி.-4எல் பெட்டரிதான். பேச்சுக்கு மட்டும் என்றால் தினமும் சார்ஜ் போடத் தேவையில்லை. சார்ஜர் மெல்லிய ஊசி வகை. யு.எஸ்.பி. வயரில் சார்ஜ் ஏறாது. 3.5 மி.மீ. ஹெட்போன் துளை உண்டு, எப்.எம். வானொலிக்கு அந்த வயரே அன்டெனா. கமரா 2 மெகாபிக்சல், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இணையத்தில்தான் தோற்றுப்போகிறது. 3ஜி, வைஃபை இரண்டும் இருந்தும் இன்றைய பாதுகாப்பான தளங்களை இதன் பழைய பிரவுசரால் திறக்க முடியவில்லை. இதுபோன்ற சிம்பியன் எஸ்60 இயங்குதள போன்களில் வட்ஸ்அப் 2017 ஜூன் 30உடன் நின்றது. என் கையிலிருந்த போனில் தமிழ்க் குறுஞ்செய்தி வெறும் கட்டங்களாகத்தான் வந்தது. பாடம் வட்ஸ்அப்பில் வரும் காலத்தில் படிக்கிற பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மலையில் வேலைசெய்யும் அம்மாவுக்கு, வீட்டிலிருக்கும் தாத்தாவுக்கு, பேசுவதற்கென்று ஒரு போன் தேவையென்றால் தாராளமாக வாங்கலாம். கடையிலேயே மூடியைக் கழற்றி பெட்டரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பட்டனையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சார்ஜரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.